பென்சில் கோடுகள்

பெலேம் நகரில் நேரம் குறிப்பது
மழைக்கு முன்பா மழைக்குப் பின்பா என்றுதான்.
வால்மிர் மழைக்கு முன்பே வந்துவிட்டான்,
நான்கு வண்ண வாளிகளும் ஒரு ஏணியுமாக.
அருங்காட்சியகத்தின் கிழக்குச் சுவர் முழுக்கப்
பறவைகளின் மரம் வேண்டும்.
வாத்தும் கோழியும் முடித்தான்.
கிளிக்குப் பக்கத்து வீடு வல்லூறு என்றதும் சிரித்தான்,
ஆனாலும் வரைந்தான்.
பிறகு ஏணியிலிருந்தே கேட்டான்:
"டோராலீசி, சிகானா எங்கே உட்காரும்?"

சிகானா
குவாமா ஆற்றோரத்தில் இலை தின்று
மாட்டைப்போல் அதை உள்ளே புளிக்க வைத்து
சாணி வாடையோடு கிளையில் கனக்கிற பறவை.
குஞ்சின் சிறகில் இரண்டிரண்டு நகம்.
ஆபத்தென்றால் தொபுக்கென்று நீரில் விழும்,
பிறகு நகத்தால் பற்றிப் பற்றி
விழுந்த மரத்துக்கே ஏறும்.
தன் மரம் எதுவென்று அதற்குத் தெரியும்.
சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியாது.

போன வருடம் தெரிந்திருந்தது.
எல்லா மரபணுக்களையும் ஒரே கயிறாக முறுக்கிக்
கணினியிடம் கொடுத்தோம்.
பெருங்கொக்கின் பக்கம் சிகானா என்றது,
அந்தக் கணுவில் நூற்றுக்கு நூறு எழுதியது.
எடினெல்சன் பீர் வாங்கி வந்தான்.
நானும் குடித்தேன்.

பிறகு முறுக்கைப் பிரித்தோம்.
ஐயாயிரத்து நானூறு மரபணுக்கள்,
ஒவ்வொன்றும் தன் மரத்தைத் தானே சொல்லட்டும் என்று.
சிகானா, பெருங்கொக்கு, ஆட்காட்டி, வெளியாளாக ஒரு கோழி.
நான்கு பேரை மூன்று விதமாகத்தான் முடிய முடியும்.

கொக்கோடு சிகானா: 1842.
ஆட்காட்டியோடு சிகானா: 1793.
அவையிரண்டும் சேர்ந்துகொள்ள சிகானா வாசலில்: 1765.

ஆளைக் காட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய பறவையும்
ஆளைக் காட்டவில்லை.
மூன்று பக்கக் காசு இருந்து
அதை யாரோ ஓயாமல் சுண்டிக்கொண்டிருந்தால்
இப்படித்தான் விழும்.
அந்தக் கிளைக்கு நீளமே இல்லை என்று ஒருவர் சொன்னால்
மறுக்க என்னிடம் எண் இல்லை.

வால்மிருக்கு எப்படிச் சொல்ல?
வானிலிருந்து கல் விழுந்து எரிந்தடங்கிய உலகம்,
எங்கும் காலி இடம்,
பிழைத்த பறவைகளுக்கு ஒரே அவசரம்.
ஒரு கூட்டம் இரண்டானது,
சூடு ஆறுமுன் அதில் ஒன்று மறுபடி இரண்டானது.
இன்றிருந்து பின்னோக்கி நடக்கும் இரு மரபணுப் பிரதிகள்
அந்தச் சிறு இடைவெளிக்குள் சந்தித்தால் சரி.
தவறவிட்டால், இன்னும் கீழே,
எல்லாரும் கலந்து நின்ற பழைய கூட்டத்தில்
யார் யாரோடு முதலில் முட்டிக்கொண்டார்களோ
அதுவே உறவு.
பொய் இல்லை. பிழையும் இல்லை.
ஒரே உடம்புக்குள்
ஒவ்வொரு மரபணுவுக்கும் வேறு வேறு அண்ணன்.

"இன்னும் கொஞ்சம் மரபணு சேர்த்தால்?" என்றார் இயக்குநர்.
முறுக்கிய கயிற்றில் சேர்க்கச் சேர்க்கத்
தப்பும் கணீரென்று பேசும், ஐயா.
நூற்றுக்கு நூறை நான் பார்த்திருக்கிறேன்.

வால்மிர் தூரிகையைத் துடைத்தான்.
"எனக்குச் சதுர மீட்டருக்குக் கூலி.
சந்தேகத்துக்குத் தனியாகத் தருவார்களா?"
தரமாட்டார்கள் என்றேன்.
எனக்கும் தரவில்லை.

மழை வந்தது. மழைக்குப் பின்பும் இருந்தான்.
பறவையை முழு வண்ணத்தில் தீட்டினான்:
நீல முகம், சிவந்த கண்,
யாரிடமோ கோபித்துக்கொண்ட கொண்டை.
அதன் காலிலிருந்து கீழே மூன்று பென்சில் கோடுகள்,
வண்ணம் தொடாமல் விட்டான்.

பள்ளிப் பிள்ளைகள் வந்து போன வாரம்,
நடுக்கோட்டின்மேல் யாரோ
நீலப் பேனாவால் ஓட்டியிருந்தது.
ஆட்காட்டிக்குப் போகும் கோடு.
ரப்பர் தேய்த்தேன், ஈரத்துணி போட்டேன்.
முழுதாகப் போகவில்லை.

இனி இந்த வழியே போகிறவர்களுக்கு
நடுக்கோடு ஒரு பொட்டு அழுத்தமாகத் தெரியும்.
1842க்கும் 1765க்கும் நடுவில்
எழுபத்தேழு இருக்கிறதே,
அதையும் இப்படித்தான்
கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.